அசையாத விமானமே ஆபத்து!

எலியட்ஸ் கடற்கரைக்குப் போகும்போது நண்பர் ஒருவருடன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். மணலில் ஒரு சுண்டல் வண்டி நிற்கிறது. அதை நோக்கி நீங்கள் தெற்கிலிருந்தும், அவர் கடல் பக்கமிருந்தும், சம தூரத்திலிருந்து ஒரே வேகத்தில் நடக்கிறீர்கள். நண்பர் உங்கள் வலப்புறம் 45 பாகைக் கோணத்தில் தெரிவார். வண்டியை அடையும் வரை அந்தக் கோணம் மாறாது. அவருடைய உருவம் மட்டும் பெரிதாகும்.

ஆகாயத்திலும் இதே கணக்குதான். மோத வரும் விமானம் விமானியின் கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாத புள்ளியாக நிற்கும். நம் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று கவனிக்கும்!

மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் இரு சிறு விமானங்கள் எதிரெதிரே வந்தால், இடைவெளி வினாடிக்கு 100 மீட்டர் குறையும். 10 மீட்டர் அகலமுள்ள இறக்கைகள் முழுநிலவின் அகலத்துக்குத் தெரியும்போது இடைவெளி ஏறத்தாழ ஒரு கி.மீ. மீதமிருப்பது 10 வினாடி.

1996 நவம்பர் 12 அன்று, டில்லிக்கு மேற்கே சர்க்கி தாத்ரி அருகே இரு பெரிய விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். அதன் பின்னர் இந்தியாவில் பயணி விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. அது 1,030 மெகாஹெர்ட்ஸ் அலையில் கேள்வி கேட்கும். அடுத்த விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 1,090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். பதில் வர ஆகும் நேரம் தூரத்தைக் காட்டிவிடும். ஆபத்து நெருங்கினால் 'ஏறு', 'இறங்கு' என்று கருவியே ஆணையிடும்.

சிறு விமானங்களில் வைக்கும் எளிய கருவிகள் ஆணையிடுவதில்லை. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார் என்று மட்டும் சொல்லும். அவற்றில் சில, பிறருடைய பதில்களை ஒட்டுக்கேட்டு, அலையின் வலிமையைக் கொண்டு தூரத்தை ஊகிப்பவை. தன் விமானத்தின் உடலே அலையை மறைத்துவிட்டால் ஊகம் தவறும். டிரான்ஸ்பாண்டர் இல்லாத விமானத்தை இவை அறியவே அறியா. பள்ளிக்கரணைப் பூநாரைகளிடம் அந்தக் கருவி ஏது?

ஆகவே திரையை மட்டும் நம்பி விமானத்தைத் திருப்புவது தவறு. ஆபத்தை நோக்கியே திரும்பிவிடக்கூடும். எந்தப் பக்கம், எந்த உயரத்தில் தேடவேண்டும் என்பதை ஒரு பார்வையில் அறிந்து, உடனே கண்ணை வெளியே செலுத்த வேண்டும். அப்போதும் பார்வையை ஓட்டிக்கொண்டே போனால் எதுவும் தெளிவாகத் தெரியாது. வானத்தைப் பத்துப் பத்துப் பாகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வினாடியாவது பார்வையை நிறுத்தவேண்டும்.