வரப்புக்குள் நிற்கும் வியாதி

புற்றுநோய் என்ற சொல்லைச் செவியுற்ற மாத்திரத்தில் கலங்கிவிடும் நமக்கு, அவ்வியாதி தான் பிறந்த இடத்தை விட்டு அகலாமல், சருமத்தின் மேலடுக்கிலேயே வருஷக்கணக்காய்த் தங்கியிருக்கவும் கூடும் என்பது எளிதில் நம்பத்தக்க செய்தியன்று. ஆயினும் அப்படி ஒரு நிலை உண்டு. பாஸ்டன் நகரத்துச் சரும வைத்தியர் ஜான் போவன் 1912-ஆம் வருஷத்தில் இரண்டு நோயாளிகளிடம் அதைக் கண்டு விவரித்தமையால், போவன் நோய் என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

தோலின் மேலடுக்குக்கும், இரத்தக் குழாய்கள் ஓடும் உள்ளடுக்குக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று வரப்பைப்போல் அமைந்திருக்கிறது. மேலடுக்கில் இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே அங்குள்ள ஜீவ அணுக்கள் விகாரமடைந்து அவ்வடுக்கு முழுவதையும் ஆக்கிரமித்தாலும், வரப்பை உடைக்காத வரையில், வேறு அவயவங்களுக்குச் செல்ல அவற்றுக்கு மார்க்கமில்லை. சிகிச்சையின்றி விட்டாலும் 100 பேரில் 3 முதல் 5 பேருக்கே அது எல்லை கடக்கும் என்பது வைத்தியர்களின் கணக்கு.

வெண்ணிற மேனியருக்கு நெடுங்கால வெயிலே இதன் பிரதான காரணம். வெயிலே படாத இடத்திலும் இதைத் தோற்றுவிக்க வல்லது ஆர்சனிக் என்னும் பாஷாணம். அதிலிருந்து செய்த ஃபௌலர் திராவகம் என்னும் மருந்தை ஒரு காலத்தில் சரும வியாதிகளுக்கென்று அருந்தியவர்களின் உடம்பில், பல ஆண்டுகள் கழித்து இந்நோயின் திட்டுகள் தோன்றின. மேற்கு வங்காளத்துக் கிராமங்களில் குழாய்க் கிணற்று நீரோடு அதே நஞ்சு கலந்து வருவதை, 1983-இல் கல்கத்தாவின் சரும வைத்தியர் கே. சி. சாஹா, மக்களின் தோலில் கண்ட குறிகளைக் கொண்டே கண்டறிந்தார்.

விளிம்பு தெளிவாய், சிவந்தோ பழுப்பேறியோ, செதில் படிந்து, வலியின்றி மெல்ல மெல்ல அகலும் அந்த ஒற்றைத் திட்டைப் படை என்றோ கரப்பான் என்றோ எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிருப்பது மனித சுபாவம். எந்தக் களிம்புக்கும் மசியாமல் மாதக்கணக்கில் அது நிலைத்திருந்தால், மரத்துப்போக ஊசியிட்டுச் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பதே உண்மையை அறியும் வழி. பின்னர், திரவ நைட்ரஜனால் உறையவைத்தோ, ஃபுளோரோயுராசில் களிம்பைச் சில வாரங்கள் பூசியோ, கத்தியால் அகற்றியோ குணப்படுத்திவிடலாம். வியாதி தாராளமாய்த் தரும் அவகாசத்தை, தவறான களிம்பில் செலவழித்துவிடாதிருப்பது ஒன்றே நம் பொறுப்பு.