டீசல் பிக்கப்: குறைந்த செலவில் கூடிய வலுவும் சிக்கனமும்

விளைவிப்பது கமத்தொழிலின் ஒரு பாதி. விளைந்ததைப் பழுதுறாமல் சந்தை சேர்ப்பது மறு பாதி. சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி ஆகிய இடங்களில் கத்தரி, வெண்டி, பயற்றை, மிளகாய் முதலியவற்றைச் செய்யும் தோட்டக்காரர் தம் பொருளைத் திருகோணமலைச் சந்தைக்கும், நல்ல விலை நோக்கித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கும் ஏற்ற வேண்டியவராவர். நெல் செய்வோருக்கோ விதைநெல்லும் பசளையும் வயலுக்குச் செல்ல வேண்டும்; அறுவடைக்குப் பின் மூட்டைகள் ஆலைக்குச் செல்ல வேண்டும். இவ்வேலைகளுக்குப் பெரிதும் கைகொடுப்பது டீசல் பிக்கப் வாகனமே. அதன் வலு குறைந்து டீசற் செலவு கூடுமாயின், வயலில் உழைத்துப் பெற்ற இலாபம் வீதியிற் புகையாகிப் போகும்.

2022ஆம் ஆண்டு இவ்வுண்மையை எல்லோருக்கும் உணர்த்திற்று. 2021 டிசெம்பர் மாத இறுதியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபாவாக இருந்தது. 2022 யூன் 26ஆந் திகதி அது 460 ரூபாவாயிற்று. யூலை மாதத்தில் கியூ.ஆர். முறையிலான எரிபொருட் பங்கீடு வந்தது. சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த பெரும் எண்ணெய்க் குதங்கள் இம்மாவட்டத்திலேயே இருந்தும், இங்குள்ள கமக்காரரும் நாட்டின் ஏனையோரைப் போலவே வரிசையில் நின்றனர். பங்கீடு 2023இல் நீக்கப்பட்டது. எனினும், ஒரு லீற்றர் டீசலைக் கொண்டு எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்னும் கேள்வி இன்றும் நீங்கவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சல்லியிலிருந்து தம்புள்ளை சென்று மீள ஏறக்குறைய 220 கிலோமீற்றர் ஆகும். லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் வாகனம் இதற்கு 24½ லீற்றர் வரை குடிக்கும். அதே வாகனம் சீர்பெற்று 11 கிலோமீற்றர் ஓடுமாயின் 20 லீற்றர் போதும். 460 ரூபா விலையிற் கணித்தால் ஒரு பயணத்தில் 2,000 ரூபாவுக்கு மேல் மிச்சம். இன்றைய விலையை இட்டு ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைச் செய்து பார்க்கலாம்.

எஞ்சின் கேட்பவை மூன்று

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று, தன் கனவளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படுகின்றது. அந்நெருக்கத்தினால் அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேலேறும். அவ்வேளையில் நொசில் டீசலைப் பனிப்புகை போலத் தூற்ற, அது தானே பற்றிக்கொள்கின்றது. 1897இல் செருமனியின் ஔக்ஸ்பேர்க் நகரில் றூடோல்ப் டீசல் இயக்கிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அக்காலச் சாதாரண நீராவி எஞ்சின்கள் அதன் பாதியையும் எட்டவில்லை.

ஆகவே இவ்வெஞ்சின் நம்மிடம் கேட்பவை மூன்று: போதிய சுத்தமான காற்று, நுண்ணிய தூறல், உரிய நேரம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வலு குன்றும். “வலு காணாது” என்று கூறப்படும் பழைய வாகனங்களிற் பலவற்றுக்குப் புதிதாக வலுவேற்றுதல் வேண்டியதில்லை. இழந்த வலுவை மீட்டுக் கொடுத்தாற் போதும். மலிவான திருத்தமும் நிலையான திருத்தமும் அதுவேயாகும்.

முதலில் அளத்தல் வேண்டும்

நெல்லை அளவாமல் விளைச்சல் கூறுவதில்லை. வாகனத்துக்கும் அவ்வாறே. தாங்கியை நிரப்பி, கிலோமீற்றர் இலக்கத்தைக் கொப்பியிற் குறித்துக்கொள்க. வழமையான வேலைகளைச் செய்து, அதே நிலையத்தில் அதே மட்டத்துக்கு மீண்டும் நிரப்புக. ஓடிய கிலோமீற்றரை நிரப்பிய லீற்றராற் பிரித்தால் விடை கிடைக்கும். ஒரு தடவை போதாது. மூன்று தடவை எடுத்துச் சராசரி காண்க. பாரம் ஏற்றியதா, வெறுமையா என்பதையும் எழுதுக.

பின்னர் ஒரு நேரத்தில் ஒரு திருத்தத்தை மட்டும் செய்து மறுபடி அளக்க வேண்டும். நான்கைந்தை ஒருங்கே செய்தால், எது பயன் தந்தது, எது காசை விழுங்கியது என்பது தெரியாது போகும்.

புகையும் ஓர் அளவுகோலே. பாரத்துடன் ஏற்றம் ஏறும்போது கரும்புகை தள்ளினால் காற்றுக் குறைவு, அல்லது டீசல் மிகுதி, அல்லது நொசில் கெடுதல் என்று கொள்க. வெண்புகை நீங்காது நின்றால் டீசல் எரியாமல் வெளியேறுகின்றது. பம்பின் நேரம் பிந்தியிருக்கலாம். நீலப்புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும்.

செலவில்லாத திருத்தங்கள்

ரயர்களின் காற்றமுக்கத்தைக் காலையில், வாகனம் ஓடுமுன், சோதித்தல் வேண்டும். உரிய அளவு பெரும்பாலும் சாரதிக் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும். பாரம் ஏற்றும் நாளில் பின் ரயர்களுக்குக் கூடிய அமுக்கம் குறிக்கப்பட்டிருப்பதையும் கவனிக்க. நான்கு ரயர்களிலும் அமுக்கம் 10 இறாத்தல் குறைந்தால் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு எரிபொருள் வீணாகும். ரயரும் ஓரந் தேய்ந்து விரைவில் அழியும்.

கூரைமேற் பூட்டிய இரும்புத் தட்டு, பின்தட்டிற் கிடக்கும் பழைய இரும்பு, நனைந்த சாக்கு ஆகியவற்றை இறக்கிவிடுக. மரக்கறியை மூடும் படங்கைத் தளர்வாக விட்டால் அது காற்றில் அடித்து வாகனத்தைப் பின்னிழுக்கும், காயையும் நசுக்கும். இழுத்துக் கட்டுதல் நன்று.

வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதனினும் விரைந்து கூடும். மணிக்கு 60 கிலோமீற்றரில் உள்ள எதிர்ப்பு 80 கிலோமீற்றரில் முக்காற் பங்குக்கு மேல் அதிகரிக்கும். விடியுமுன் அரை மணி நேரம் முந்திப் புறப்படுவோர், விரைந்தோடாமலே சந்தையை வேளைக்கு அடையலாம். சந்தை வாயிலில் எஞ்சினை வீணே இயங்கவிட்டு நிற்பதும் தவிர்க்கத்தக்கது. அது மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாது குடிக்கக்கூடும்.

சிறு செலவுத் திருத்தங்கள்

காற்று வடிகட்டி: கடலோர மணற்பாதையிலும் வயற்பாதையிலும் ஓடும் வாகனத்தின் வடிகட்டி, தார் வீதியில் ஓடுவதைவிட விரைவில் அடைபடும். கடதாசி வடிகட்டியைப் பெற்றோலிலோ நீரிலோ கழுவுதல் ஆகாது. மெல்லத் தட்டித் தூசி அகற்றலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஒளி தெரியாவிடின் மாற்றுக. அதிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் றப்பர்க் குழாயில் வெடிப்பிருந்தால் தூசி நேரே சிலிண்டருக்குட் சென்று, மணல் தின்ற ஏர்க்கொழுப் போல அதைத் தேய்த்துவிடும். காற்று உறிஞ்சும் வாய், எஞ்சினின் சூட்டையன்றி வெளிக் குளிர்காற்றை இழுக்கும்படி இருத்தல் வேண்டும். அதற்கென அமைந்த குழாய் கழன்றோ உடைந்தோ இருப்பின் மீண்டும் பூட்டுக. குளிர்காற்று அடர்த்தி கூடியது. அடர்த்தியான காற்றில் டீசல் நன்கு எரியும்.

நீர் பிரிக்கும் கிண்ணம்: பழைய வாகனத்துக்குச் சேர்க்கக்கூடிய மலிவான, உண்மையிற் பயன் தரும் புதுப் பாகம் இதுவே. தாங்கிக்கும் டீசல் பம்புக்கும் இடையே பூட்டப்படும் இக்கிண்ணத்தின் அடியில் நீர் தங்கும். காலையில் அடித்திருகைத் திறந்து வடித்துவிடலாம். நீர் கலந்த டீசல் பம்பையும் நொசிலையும் துருப்பிடிக்கச் செய்யும். 1,000 வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் இயங்கும் புதிய கொமன் றெயில் எஞ்சின்களில் ஒரு சிறு துளியும் பெருஞ் செலவு வைக்கும். மூட்டுக்கள் இறுக்கமாக இருத்தல் அவசியம். காற்றுக் கசிந்து உட்புகுந்தால் எஞ்சின் தள்ளாடும். மழைக்காலத்தில் தாங்கியை மாலையிலேயே நிரப்பிவைத்தால், இரவில் அதன் உட்சுவரில் நீர்த்துளி படிவது குறையும்.

பிரேக்: உப்புக்காற்று சல்லிக் கடற்கரையோரத்தில் எதையும் விட்டுவைப்பதில்லை. கைப்பிரேக் கம்பி துருவேறினால் பிரேக் முழுதும் விடுபடாது. சில்லைத் தூக்கிக் கையாற் சுழற்றிப் பார்க்க. இலகுவாகச் சுழலாவிடின், எஞ்சின் நாள் முழுதும் பிரேக்குடன் மல்லாடுகின்றது என்பது பொருள். மீன் ஏற்றிய பின்பும் கரையோர மணலில் ஓடிய பின்பும் வாகனத்தின் அடிப்பாகத்தை நன்னீராற் கழுவுக.

டர்போக் குழாய்: டர்போ உள்ள வாகனங்களில் டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுச் செல்லும் குழாயின் பட்டி தளர்ந்தால், நெருக்கிய காற்று வழியிலேயே போய்விடும். மூட்டில் எண்ணெய்க் கசிவும், ஏற்றத்திற் சீறும் ஒலியும் இதற்கு அடையாளம். ஒரு பட்டியின் விலையில் இழந்த வலு திரும்பிவிடும்.

நடுத்தரச் செலவு: நொசிலும் பம்பும்

நொசில்களைக் கழற்றிச் சோதனைக் கருவியிற் பார்ப்பித்தல் அனுபவமுள்ள பம்ப் வேலைத்தலத்தில் மட்டுமே செய்யத்தக்கது. நல்ல நொசில் பனிப்புகையாகத் தூற்றும்; கெட்டது சொட்டும். சொட்டிய டீசல் முழுதும் எரியாது கரியாகிப் பிஸ்டனிற் படியும். அத்துடன் பம்பின் நேரத்தையும் வால்வு இடைவெளியையும் உற்பத்தியாளர் கூறிய அளவுக்குச் சரிசெய்வித்தல் வேண்டும். டர்போ இல்லாத பழைய ஹைலக்ஸ் போன்ற வாகனங்களுக்கு, காற்று வடிகட்டியை அடுத்து, இதுவே பெரிய பயன் தரக்கூடியது. நொசில் தூற்றுகையில் கையை முன்னே நீட்டுதல் கூடாது. அத்தூறல் தோலைத் துளைத்து இரத்தத்திற் கலந்து உயிராபத்தை விளைக்கும்.

செய்யத் தகாதவை

டீசல் பம்பின் அளவுத் திருகை முறுக்கினால் அன்றே இழுவை கூடுவது உண்மை. ஆனால் காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகை எழும். பிஸ்டன் சூடேறி உருகவும் கூடும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் நடைபெறும் புகைப் பரிசோதனையிலும் வாகனம் தேறாது.

“நம் நாடு சூடானது” என்று கூறித் தெர்மோஸ்டற்றைக் கழற்றிவிடுவது பரவிய வழக்கம். எஞ்சின் 80 தொடக்கம் 90 பாகை செல்சியசில் இயங்குவதற்கே அமைக்கப்பட்டது. அதனினும் குளிர்ந்தோடினால் டீசல் சரியாக எரியாது. சிலிண்டரும் விரைவில் தேயும். சூடேறும் எஞ்சினுக்கு மருந்து றேடியேற்றரைச் சுத்தஞ் செய்தலே.

டீசலிற் செலவைக் குறைக்க மண்ணெண்ணெய் கலத்தலும் தீது. பம்பின் உட்பாகங்களுக்கு டீசலே உராய்வு நீக்கி. மண்ணெண்ணெய்க்கு அவ்வழுவழுப்புப் போதாது. எரிபொருட் குழாயிற் கட்டும் காந்தம், தாங்கியில் இடும் குளிசை ஆகியனவும் வேண்டா. ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் இத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட சாதனங்களைச் சோதித்து, மிகச் சிலவே அற்ப பயன் தந்தன என்று கண்டது. அளவு மீறிய பெரிய ரயர் பூட்டினால் கிலோமீற்றர் மானியும் பொய் கூறும், இழுவையும் குறையும்.

எப்போது செய்வது?

வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், சிறுபோக அறுவடை முடிந்த ஓய்வு நாட்கள் இதற்கு உகந்தவை. முதல் வாரம் அளத்தல். அடுத்த வாரம் செலவில்லாதவை. பின்னர் வடிகட்டி, கிண்ணம், பிரேக். இறுதியாக, கொப்பி வேண்டுமென்று காட்டினால் மட்டும், நொசிலும் பம்பும். இவ்வொழுங்கில் செல்வோர் தேவையற்ற பாகத்துக்குக் காசு கொடுக்கமாட்டார். அயலார் சிலர் கூடித் தத்தம் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் நன்று. ஒரே வகை வாகனங்களுள் எது பின்தங்குகின்றது என்பது உடனே புலப்படும். கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் இக்கொப்பிகளைக் கொண்டுவந்து, தம் பிரிவு விவசாயப் போதனாசிரியருடன் கலந்தாலோசிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.