உஷார்! மாட்டுக்குப் போடும் ஊசி பாறுவின் உயிரைக் குடிக்கிறது

மாட்டுக்கு மடி வீங்கியிருக்கிறது, காய்ச்சலும் அடிக்கிறது. ஊசி போட வந்தவர் பையைத் திறக்கிறார். அந்த நேரத்தில் தயவுசெய்து அவர் கையிலிருக்கும் குப்பியின் பெயரைப் படியுங்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென், நிமசுலைடு ஆகியவற்றில் எது இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த நான்கையும் கால்நடைகளுக்குப் போடுவது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது.

பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளித்தே பழகிவிட்டோம். அதன் நல்ல தமிழ்ப் பெயர் பாறு. 1980களில் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் வாழ்ந்த பெரிய இரைகொல்லிப் பறவை வெண்முதுகுப் பாறுதான் என்று கருதப்பட்டது. ஊர் எல்லையில் மாடு செத்துக் கிடந்தால் கூட்டமாக இறங்கி, சிறிது நேரத்தில் எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். அந்தப் பறவையில்தான் 1992க்கும் 2007க்கும் இடையே ஆயிரத்துக்கு 999 அழிந்துபோயின. யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. காட்டை வெட்டியதும் காரணமில்லை. ஏதோ தொற்றுநோய் என்றே பல ஆண்டுகள் நினைத்தார்கள். 2004இல்தான் உண்மை தெரிந்தது: காரணம், மாட்டின் வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி.

ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்தால் மருந்து அதன் உடலிலேயே தங்கியிருக்கும். அந்த இறைச்சியைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் வெள்ளையாகப் படிகிறது. கழுத்து தொங்க உட்கார்ந்திருந்து, சில நாளில் செத்து விழுகிறது. நூறு சடலங்களில் ஒன்றுகூட வேண்டாம், அதற்கும் குறைவான சடலங்களில் இந்த மருந்து இருந்தாலே இத்தனை பெரிய அழிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரே சடலத்தில் பத்து, இருபது என்று கூடி உண்ணும் பறவை அல்லவா! பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும்; குஞ்சு வளர்ந்து இணை சேர ஐந்தாண்டு போல ஆகும். இழந்ததை அதனால் எப்படி ஈடுகட்ட முடியும்?

பறவைக்கு வந்த கேடு மனிதரையும் விடவில்லை. அழுகிக் கிடந்த சடலங்களால் நீர்நிலைகள் கெட்டன, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி கூடியது. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது.

2006இல் டைக்ளோஃபினாக்கை மாட்டுக்குத் தடை செய்தார்கள். ஆனால் மனிதருக்கான பெரிய குப்பிகள் கடையில் கிடைத்தன, அவை மாட்டுக்கே போயின. மனிதருக்கான குப்பி 3 மில்லிக்கு மேல் கூடாது என்ற ஆணை வர 2015 ஆனது. அதற்குள் மாற்று மருந்துகள் வந்துவிட்டன. அவற்றில் அசிக்ளோஃபினாக் பசுத்தோல் போர்த்திய புலி: மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். அதையும் கீட்டோபுரோஃபெனையும் 2023இல்தான் தடுத்தார்கள். நிமசுலைடு அதற்கும் பிறகு. ஒவ்வொரு தடைக்கும் முந்தைய தாமதத்தில் எத்தனை பாறுகள் விழுந்தன என்று எண்ணினால் நெஞ்சு பதறுகிறது.

இன்று மோயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மத்தி மரங்களில் கூடு கட்டும் பாறுகளையும் சேர்த்து, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் மிஞ்சியிருப்பவை சில நூறுதான். ‘எங்கள் ஊர் காட்டுக்குப் பக்கத்தில் இல்லையே’ என்று இருந்துவிடாதீர்கள். இரை தேடி நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கும் பறவை இது.

இன்னொரு வேண்டுகோள். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் சடலத்தில் விஷம் வைக்காதீர்கள். கூட்டமாக வந்து சாவது பாறுதான். வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள்.

வலி ஊசி போட்ட மாடு இறந்தால் வெளியே வீசாமல் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். மருந்து வேண்டுமென்றால் மெலாக்சிகாம் அல்லது டால்ஃபினாமிக் அமிலம் கொடுக்கச் சொல்லி கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் பாறுவுக்குத் தீங்கு செய்யாதவை என்று சோதித்து அறியப்பட்டவை.