‘சாப்பாடு கொண்டுவந்தவங்க யாரு?’ - ஆதித் திருச்சபையை வளர்த்தது அற்புதமா, அன்னமா?

கி.பி. 312-ஐ ஒட்டிய காலம். எகிப்தில் ரோமப் பேரரசின் படைக்குக் கட்டாயமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிக்கிய வாலிபர்களைப் படகில் ஏற்றி, நைல் நதி வழியாக வடக்கே கொண்டுபோனார்கள். வழியில் தீப்ஸ் நகரில் (இன்றைய லக்சர்) படகு நின்றது. யாரும் தப்பி ஓடிவிடக் கூடாது என்று அத்தனை பேரையும் அந்த ஊர்ச் சிறையில் அடைத்தார்கள். அவர்களில் ஒருவர் பக்கோமியுஸ். வயது இருபது இருக்கும். எகிப்தின் பழைய தெய்வங்களைக் கும்பிடும் குடும்பத்துப் பிள்ளை.

இருட்டும் நேரம், ஊர்க்காரர்கள் சிலர் சாப்பாடு கொண்டுவந்தார்கள். வாடிக் கிடந்த பையன்களை வற்புறுத்திச் சாப்பிட வைத்தார்கள். பக்கோமியுஸுக்கு ஒன்றும் புரியவில்லை. முன்பின் தெரியாத நமக்கு இவர்கள் ஏன் இதைச் செய்ய வேண்டும்? பக்கத்தில் இருந்தவர்களிடம் விசாரித்தார். அவர்கள் கிறிஸ்தவர்கள், வேற்று ஊர்க்காரர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் இப்படித்தான் செய்வார்கள் என்று பதில் வந்தது.

‘இங்கிருந்து விடுதலை கிடைத்தால் ஆயுள் முழுக்க மனிதர்களுக்குத் தொண்டு செய்வேன்’ என்று அன்று இரவே வேண்டிக்கொண்டாராம் பக்கோமியுஸ். சண்டை முடிந்து விடுவித்ததும் ஒரு கிராமத்துக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றார். அங்கே கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளுக்காக விறகு பொறுக்கிச் சுமந்தார். துறவிகள் தனித்தனிக் குகையில் இல்லாமல், ஒரே மதிலுக்குள் கூடி உழைத்து, ஒன்றாகச் சாப்பிட்டு வாழும் கிறிஸ்தவ மட முறைக்குத் தந்தை என்று சொல்லப்படுபவர் இவர்தான். 346-ல், மடத்துக்குள் பரவிய கொள்ளைநோயில் இறந்தார்.

பின்னாளில் இவரைப் பற்றி அற்புதக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. முதலைகள் இவரைச் சுமந்து நதியைக் கடக்க வைத்தன என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் அவர் மனம் மாறிய அந்த ராத்திரியில் முதலையும் இல்லை, ஒளிவட்டமும் இல்லை. பசித்தவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான்.

முதல் 300 ஆண்டுகளில் கிறிஸ்தவம் எப்படிப் பரவியது என்று கேட்டால் அற்புதங்களைச் சொல்வார்கள். துருக்கியின் கருங்கடல் பக்கம் நியோசிசேரியா என்ற ஊரில் கிரிகோரி என்று ஓர் ஆயர் இருந்தார். அற்புதங்கள் செய்பவர் என்பதே அவருக்குப் பட்டப் பெயர். அவர் ஆயராக வந்தபோது ஊரில் கிறிஸ்தவர்கள் 17 பேர்தானாம். அவர் இறக்கும்போது கிறிஸ்தவர் அல்லாதவர்கள் 17 பேர்தானாம்! கணக்கு இத்தனை கச்சிதமாக வருவதே கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. இதைச் சொல்பவர் ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து வந்த இன்னொரு ஆயர். அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். இந்தக் கதைகள் பெரும்பாலும் நம்பிக்கை உள்ளவர்கள் எழுதியவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அந்தப் பக்கம் சாராதவர்கள் என்ன சொன்னார்கள்?

முதல் சாட்சி, கேலி செய்தவர். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூசியன் என்ற கிரேக்க நையாண்டி எழுத்தாளர். பெரெக்ரினுஸ் என்ற போலிச் சாமியார் கிறிஸ்தவர்களிடம் ஒட்டிக்கொண்டு நன்றாக வாழ்ந்ததை எழுதியிருக்கிறார். ஆசாமி ஜெயிலுக்குப் போனதும், விடிவதற்குள் கிழவிகளும் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் ஜெயில் வாசலில் வந்து காத்திருப்பார்களாம். பெரியவர்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து உள்ளே போய் அவரோடு தங்குவார்களாம். வகைவகையாகச் சாப்பாடு உள்ளே போகுமாம். வெளியூரிலிருந்துகூடப் பொதுச் செலவில் ஆட்கள் வந்தார்களாம். ‘எவ்வளவு ஏமாளிகள் பாருங்கள்’ என்று சிரிப்பதற்காகத்தான் லூசியன் இதை எழுதினார். நமக்கு இது சாட்சியாகிவிட்டது.

இரண்டாவது சாட்சி, ஜப்தி செய்ய வந்த அதிகாரிகள். 303-ல் பேரரசர் டயோக்ளீஷியன் ஆட்சியில் கிறிஸ்தவர்களை ஒடுக்கும் ஆணை வந்தது. வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் (இன்றைய அல்ஜீரியாவில் உள்ளது) அவர்கள் கூடும் வீட்டில் புகுந்து, இருந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார்கள். தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, விளக்குகள்... இதெல்லாம் எந்தக் கோயிலிலும் இருக்கும். அதற்குப் பிறகு வருகிறது பாருங்கள்: பெண்களுக்கான அங்கிகள் 82, ஆண்களுக்கான அங்கிகள் 16, ஆண்கள் காலணி 13 ஜோடி, பெண்கள் காலணி 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுப்பதற்காகச் சேர்த்துவைத்தவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. பெண்கள் துணிதான் அதிகம். விதவைகளை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும். 251-ஐ ஒட்டி ரோம் நகர ஆயர் கொர்னேலியுஸ் எழுதிய கடிதத்தில், அங்கே சபை பராமரித்த விதவைகளும் ஆதரவற்றவர்களும் 1,500 பேருக்கு மேல் என்கிறார்.

மூன்றாவது சாட்சிதான் சுவாரஸ்யமானவர். பேரரசர் ஜூலியன். கிறிஸ்தவராக வளர்ந்து, அதை உதறிவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்கப் புறப்பட்டவர். கலாத்தியா மாகாணத்தின் தலைமைப் பூசாரிக்கு அவர் எழுதிய கடிதத்தை சோசோமென் என்ற வரலாற்றாசிரியர் பாதுகாத்து வைத்திருக்கிறார். (அது ஜூலியன் எழுதியதுதானா என்று சந்தேகப்படும் அறிஞர்களும் உண்டு.) இந்த மதம் ஏன் இப்படி வளர்கிறது என்று அதில் அவரே காரணம் அடுக்குகிறார்: அந்நியர்களை உபசரிப்பது, இறந்தவர்களை அக்கறையோடு அடக்கம் செய்வது, ஒழுக்கமாக வாழ்வதுபோல் காட்டிக்கொள்வது. அந்தப் பட்டியலில் அற்புதம் இல்லை. அவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறார்கள், நமக்கு இது வெட்கக்கேடு என்று பொருமுகிறார். ஊருக்கு ஊர் சத்திரம் கட்டச் சொல்லி, ஆண்டுக்கு 30,000 மோடியஸ் கோதுமையும் ஒதுக்குகிறார். நம் கணக்கில் சுமார் 200 டன். அடுத்த ஆண்டே, 363-ல், பாரசீகப் போரில் ஜூலியன் இறந்துவிட்டார்.

அற்புதத்தையும் அன்னத்தையும் இப்படி இரண்டாகப் பிரிக்கவே முடியாது என்பவர்களும் உண்டு. அமெரிக்க சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1996-ல் வெளியிட்ட நூலில் சொன்ன வாதம் இது: மூன்றாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்தபோது, நோயாளியைத் தெருவில் போட்டுவிட்டு ஓடியவர்கள் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரும் கஞ்சியும் கொடுத்த கிறிஸ்தவர்களும் உண்டு. மருந்தே இல்லாத காலத்திலும் அந்தப் பராமரிப்பு பலரைப் பிழைக்க வைத்திருக்கும். ‘அந்த வீட்டில் மட்டும் எப்படி இத்தனை பேர் பிழைத்தார்கள்?’ என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டிருந்தால், அவருக்கு அது அற்புதமாகத்தானே தெரிந்திருக்கும்! அந்தப் பராமரிப்பு இலவசமாகவும் வரவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்களே தொற்றி இறந்தார்கள் என்று அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுஸ் கடிதம் எழுதியிருக்கிறார்.

ஜூலியன் ஏதென்ஸில் படித்த காலத்தில் அங்கே படித்த இன்னொருவர் பேசில். கப்பதோக்கியாவின் சிசேரியா நகருக்கு 370-ல் ஆயரானார். ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பெரிய இல்லம் கட்டினார். மருத்துவர்கள், பராமரிப்பாளர்கள், சுமை தூக்கும் மிருகங்கள்வரை அங்கே ஏற்பாடு இருந்தது. அதை ஒரு புதிய நகரம் என்றே வர்ணித்தார் அவர் நண்பர். ஊரே விரட்டிய தொழுநோயாளிகளைக் கட்டி அணைக்கவும் பேசில் தயங்கவில்லை. ஆனால் அவர்மீது ஆளுநர் வரை புகார் போனது. சத்திரமும் வைத்தியமும் கொடுப்பதால் யாருக்கு என்ன கெடுதல் என்று அவர் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது.