பந்தியில் ஓர் இலை மிகுதியாகட்டும்

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் இல்லங்களில் ஒரு புதுச் சுறுசுறுப்புப் பிறந்துவிடுகின்றது. பரண்மீது கிடந்த பெட்டி கீழே இறங்குகின்றது. பழைய செய்தித்தாளில் சுற்றிவைத்த குடில் சுரூபங்கள் வெளியே வருகின்றன. இடையன் ஒருவனுக்குக் கை உடைந்திருப்பதும், ஒட்டகத்திற்குக் கால் ஒடிந்திருப்பதும் அப்பொழுதுதான் தெரிகின்றன. இளைஞர்கள் மூங்கிலைச் சீவி நட்சத்திரம் கட்டுகின்றனர். அடுக்களையில் அச்சு முறுக்குக்கும் அதிரசத்திற்கும் அரிசி ஊறுகின்றது. பெருவிழா வருகின்றது என்பதை வீடே சொல்லிவிடுகின்றது.

இந்த மகிழ்ச்சியைக் குறைகூற நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் பங்கில் நிகழ்ந்த ஒன்றை வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அதில் குற்றம் பிறருடையது அன்று, நம்முடையதே.

பூட்டிய கதவு

அந்த ஆண்டு குடில் போட்டி ஒன்றை அறிவித்தோம். அழகிய குடிலுக்கும் அழகுற அலங்கரித்த இல்லத்திற்கும் மூன்று பரிசுகள் உண்டு என்று திருப்பலி முடிவில் நாமே ஒலிபெருக்கியில் சொன்னோம். நல்ல நோக்கந்தான். தெருவெங்கும் வண்ண விளக்குகள் ஒளிர்ந்தன. ஒரு வீட்டில் நீர்வீழ்ச்சி. அடுத்த வீட்டில் நகரும் ஒட்டகங்கள். அதற்கடுத்த வீட்டில் பஞ்சினாலான பனிமலை! வட்டிக்குக் கடன் வாங்கி விளக்கு வாங்கிய குடும்பமும் அத்தெருவில் இருந்ததைப் பின்னரே அறிந்தோம்.

டிசம்பர் 24 மாலை நடுவர்களுடன் வீடு வீடாகச் சென்றோம். ஒரு வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. கணவரை இழந்து, தையல் தொழில் செய்து இரு பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு தாயின் வீடு அது. “ஊருக்குப் போயிருப்பார்கள்” என்றனர் அண்டை வீட்டார். நாமும் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தோம்.

தவக்காலம் நெருங்கிய சமயம் அந்தத் தாய் ஆலயத்திற்கு வந்தார். பேச்சுவாக்கில் கேட்டோம்: “கிறிஸ்மசுக்கு எங்கேயம்மா போயிருந்தீர்கள்? வீடு பூட்டியிருந்ததே?”

அவர் சற்றுத் தயங்கினார். “எங்கும் போகவில்லை சாமி. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக வந்து பிள்ளைகளோடு உள்ளேதான் இருந்தேன். விளக்குக்கூடப் போடவில்லை. நடுச்சாமப் பூசைக்கு வந்து கடைசியில் நின்றுவிட்டு, முடியுமுன்னே போய்விட்டோம்.”

“ஏனம்மா?”

“எல்லா வீட்டிலிருந்தும் பலகாரத் தட்டு வரும் சாமி. வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அதோடு, குடில் பார்க்க நீங்களும் வருவீர்கள். எங்கள் வீட்டில் காட்ட என்ன இருக்கிறது?”

அன்றிரவு நற்கருணைப் பேழைக்கு முன் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். மரியன்னைக்கும் சூசையப்பருக்கும் பெத்லகேமில் இடம் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் உருக்கமாக மறையுரை ஆற்றியவர்கள் நாம். அதே விழாவின் பெயரால், ஓர் ஏழைக் குடும்பம் தன் வீட்டிலேயே ஒளிந்துகொள்ளும்படி செய்துவிட்டோமே!

அதன் பின்னரே, இந்த விழாவுக்கு நாம் செய்யும் அலங்காரங்கள் முதலில் எங்கே தோன்றின, யாருக்காகத் தோன்றின என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க நமக்கு வியப்பும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின.

கிரேச்சோவின் வைக்கோல்

குடிலின் கதை நம்மில் பலர் அறிந்ததே. இத்தாலி நாட்டில் ரியேத்திப் பள்ளத்தாக்கில் மலைச்சரிவில் அமைந்த சிற்றூர் கிரேச்சோ. 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன், அசிசியாரான புனித பிரான்சிஸ் அவ்வூரைச் சேர்ந்த யோவான் என்பவரை அழைத்து ஓர் ஏற்பாட்டைச் செய்யச் சொன்னார். குழந்தை இயேசு எத்தகைய வறுமையில் பிறந்தார், எவ்வாறு வைக்கோலின்மீது கிடத்தப்பட்டார் என்பதைத் தம் கண்களாலேயே காண விரும்புவதாக அவர் கூறினாராம்.

அந்த இரவில் அங்கு இருந்தவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஓர் எருது, ஒரு கழுதை, இவ்வளவே. சுரூபங்கள் இல்லை. தீவனத் தொட்டியின்மீது திருப்பலி நிறைவேற்றப்பட்டது. தியாக்கோனாக இருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். பந்தங்களும் மெழுகுதிரிகளும் ஏந்தி வந்து சூழ்ந்து நின்றவர்கள் சுற்றுப்புறத்து எளிய மக்களே. அவர்கள் வீட்டுத் தொழுவத்தில் அன்றாடம் கண்ட பொருள்களே அன்று பீடத்தின் அலங்காரங்கள் ஆயின. ஆகவே, “எங்கள் வீட்டில் காட்ட என்ன இருக்கிறது?” என்று அங்கே ஒருவரும் கூச வேண்டியிருக்கவில்லை.

அசிசியார் விழாவின் மகிழ்ச்சிக்குப் பகைவர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஒருமுறை கிறிஸ்து பிறப்பு விழா வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று இறைச்சி உண்ணலாமா என்ற கேள்வி சகோதரரிடையே எழுந்தபொழுது, இத்தகைய நாளில் சுவர்களும் இறைச்சி உண்ண வேண்டும், அவற்றால் இயலாவிடில் அவற்றின்மீது பூசியாவது விட வேண்டும் என்று அவர் சொன்னதாக, அவர் வரலாற்றை எழுதிய செலானோ நகர்த் தோமா குறிப்பிடுகின்றார். அந்நாளில் செல்வர்கள் ஏழைகளின் பசியை ஆற்ற வேண்டும். எருதுக்கும் கழுதைக்கும் வழக்கத்தினும் மிகுதியாகத் தீனி வைக்க வேண்டும். வானத்துப் பறவைகளுக்காக வழியெங்கும் தானியம் இறைக்க வேண்டும் என்பதும் அவர் ஆவல். விருந்தை அவர் சுருக்கவில்லை. சுவரும் எருதும் வானம்பாடியும் பங்குபெறும் அளவுக்கு அதனை விரித்தார்.

ஒரு பழைய வண்டிச் சக்கரம்

திருவருகைக் காலத்தில் நம் ஆலயப் பீடத்தருகே நான்கு திரிகளுடன் விளங்கும் பசுந்தழை வளையத்தின் கதையும் இத்தகையதே. செர்மனியின் ஹம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விகேர்ன் என்ற லூத்தரன் சபைப் போதகர், வறுமையில் உழன்ற சிறுவர்களுக்காக 1833இல் ஓர் இல்லம் தொடங்கினார். டிசம்பர் பிறந்தால் அச்சிறுவர்கள், “விழா இன்றா? நாளையா?” என்று நாள்தோறும் கேட்டு நச்சரித்தார்கள். நாளை எண்ணிக் காட்டுவதற்காக, 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெண்திரிகள் நான்கும், வாரநாட்களுக்குச் சிறிய செந்திரிகளும் நாட்டினார். நாளுக்கு ஒரு திரி ஏற்றப்பட்டது. பின்னரே பசுந்தழை சுற்றும் வழக்கம் சேர்ந்தது; திரிகள் நான்காகக் குறைந்தன. 20ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க ஆலயங்களும் இதனை ஏற்றுக்கொண்டன.

இன்று கடைகளில் பளபளக்கும் அந்த வளையம், வீடற்ற பிள்ளைகளுக்காக ஒரு தேய்ந்த சக்கரத்தில் பிறந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்!

வெறுமையாய் ஓர் இருக்கை

போலந்து நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் டிசம்பர் 24 இரவு உணவே ஆண்டின் தலைசிறந்த விருந்து. ‘விகிலியா’ என்பது அதன் பெயர். வானில் முதல் விண்மீன் தோன்றும்வரை பிள்ளைகள் பலகணியருகே காத்திருப்பார்கள். மேசையில் வெள்ளை விரிப்பு. அதன் கீழே தொழுவத்தின் நினைவாகச் சிறிது வைக்கோல். உண்ணுமுன், திருப்பிறப்புக் காட்சி பொறித்த மெல்லிய புளியா அப்பத்தை ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து வாழ்த்துவார்கள், பிணக்குகளை மன்னிப்பார்கள். இறைச்சி இல்லாப் பன்னிரண்டு வகை உணவுகள் திருத்தூதர் பன்னிருவரின் நினைவாகப் படைக்கப்படும்.

இத்தனைக்கும் நடுவே ஓர் இருக்கையும், அதற்குரிய தட்டும் கரண்டியும் மட்டும் வெறுமையாய் இருக்கும். எதிர்பாராமல் கதவைத் தட்டும் விருந்தினர் எவராயினும் அவருக்கு அது உரியது. அவ்வீட்டார் மறைந்த உறவினரையும் அவ்விடத்தைப் பார்த்து நினைவுகூர்வர். அந்த மேசையில் இதனினும் அழகிய அலங்காரம் உண்டோ?

மெக்சிகோ நாட்டில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் ‘பொசாதா’ நடைபெறும். தங்குமிடம் என்பது அச்சொல்லின் பொருள். அக்கோல்மன் ஊரில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகுஸ்தினார் சபைத் துறவியர் நடத்திய ஒன்பது நாள் திருப்பலிகளிலிருந்து இவ்வழக்கம் வளர்ந்தது. மரியன்னையும் சூசையப்பரும் இடம் தேடியதை நினைந்து, மக்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு கதவைத் தட்டுவார்கள். உள்ளிருப்போர் முதலில் பாட்டாலேயே மறுப்பார்கள். பின்னர் கதவு திறக்கும். திறந்த வீட்டில் அனைவருக்கும் விருந்து! பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இதனை நடித்து வளர்கின்றார்கள். எந்தக் கதவு யாருக்குத் திறக்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல மறைக்கல்வி வேண்டியதில்லை.

விருந்து எனும் சொல்

இவற்றையெல்லாம் வெளிநாட்டாரிடம் கடன்பெற வேண்டிய நிலையில் நாம் இல்லை. தமிழில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியமும் அப்பொருளில் அச்சொல்லை ஆள்கின்றது. புதிதாய் வருபவரே விருந்தினர். உறவினர் கூடி உண்பது உறவு. அறியாதவர் ஒருவரும் அமர்ந்து உண்ணும்பொழுதே அது விருந்து. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அனிச்சப் பூவினும் மெல்லியது விருந்தினர் உள்ளம் என்று எச்சரிக்கின்றார். நம் தெருவில் பூட்டிக் கிடந்த அந்தக் கதவுக்குள் வாடியதும் அத்தகைய உள்ளமே.

இல்லத்தார்க்குச் சில சொற்கள்

அடுத்த ஆண்டு போட்டியைக் கைவிட்டோம். தெருவுக்கு ஒரு குடில் என்று முடிவாயிற்று. ஒரு வீட்டார் வைக்கோல் கொணர்ந்தனர். ஒரு வீட்டார் மூங்கில். ஒரு வீட்டார் மின்விளக்கு. தையற்காரத் தாயார் வெட்டுத் துணிகளை இணைத்து இடையர்களுக்கும் மூவரசர்க்கும் உடை தைத்துத் தந்தார். பலகாரங்களை வீட்டுக்கு வீடு அனுப்பாமல், நடுச்சாமத் திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் பெரிய தாம்பாளங்களில் ஒன்றாகக் கொட்டினோம். எது யார் வீட்டு முறுக்கு என்று எவருக்கும் தெரியவில்லை. வெறுந்தட்டு என்ற பேச்சுக்கும் இடமில்லை. பரிசு இல்லாத விழா சுவையற்றது என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. ஆயினும், அந்த ஆண்டு அத்தெருவில் பூட்டிய வீடு ஒன்றும் இல்லை.

இவ்வாண்டு விழாவுக்கு ஆயத்தமாகும் குடும்பங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. வீட்டை நன்றாக அலங்கரியுங்கள். வாசலில் பெரிய கோலமிடுங்கள். தென்னங்குருத்தில் தோரணம் பின்னப் பாட்டியார் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் விலைக்குக் கிடைக்காது. நற்செய்தியில் பனிமலை இல்லை; பஞ்சு வாங்கும் செலவை மிச்சப்படுத்தலாம். வைக்கோலும் தீவனத் தொட்டியும் கிரேச்சோவுக்குப் போதுமாய் இருந்தன, நமக்கும் போதும். கடன் வாங்கி ஏற்றும் விளக்கு, தை மாதத்தில் வீட்டை இருளச் செய்யும், அதனைத் தவிர்த்திடுங்கள்.

விருந்தினர் வரும்பொழுது வீட்டு முதியவரை உள்ளறையில் அமர்த்தாமல், குடிலின் அருகே அமர்த்துங்கள். தட்டு அனுப்பினால், “தட்டை மாலையில் பிள்ளை வந்து எடுத்துக்கொள்வான், அப்படியே வைத்துவிடுங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள், அந்த ஒரு சொல் ஒரு தாயின் மனச்சுமையை இறக்கிவிடும். பந்தியில் இலை போடும்பொழுது, வீட்டில் உள்ளவர்களை எண்ணி, ஒன்று கூட்டிப் போடுங்கள். அந்த இலைக்கு உரியவர் யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். விடுதிக் கூடத்தில் தனித்திருக்கும் மாணவர், வேலைக்கென வடநாட்டிலிருந்து வந்து கட்டட நிழலில் உறங்கும் தொழிலாளர், இவ்வாண்டு துக்கம் நேர்ந்ததால் அடுப்பு மூட்டாத பக்கத்து வீட்டார் என ஒருவரை அவர்களே சொல்லட்டும். அவர்களே போய் அழைத்து வரட்டும்.

தொழுவத்தில் பிறந்த பாலகன் நம் வீட்டு விளக்குகளை எண்ணப்போவதில்லை. அவர் அமர நாம் விட்டுவைத்த இடத்தையே நோக்குவார். அந்த இலை காத்திருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும்.