நினைவு வருதலும் நினைத்துப் பார்த்தலும்: ஒரு களப்பணிக் குறிப்பு

1. நிகழ்ச்சி

புனே நகரின் கட்கிப் பகுதியில் வாழும் தமிழரிடையே வழங்கும் வீட்டுப் பொருட்பெயர்களைத் தொகுத்தபோது நேர்ந்த நிகழ்ச்சி ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தகவலாளி எழுபது வயதைக் கடந்த பெண்மணி. தஞ்சை மாவட்டத்திற் பிறந்து, திருமணத்திற்குப்பின் ஐம்பது ஆண்டுகளாகப் புனேயில் வாழ்பவர். பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழில் தொடர்பான சொற்களை வினாநிரல் கொண்டு கேட்டபோது அவரால் மூன்று சொற்களுக்குமேல் கூற இயலவில்லை.

சில நாள்களுக்குப்பின், அவருடைய பழைய பித்தளைத் தவலைக்கு ஈயம் பூசுவதற்காக, கஸ்பா பேட்டையில் செப்புக் கன்னார் தொழில் செய்யும் தாம்பட் ஆளிப் பக்கம் அவருடன் சென்றேன். காய்ந்த தவலையில் தொழிலாளி ஒரு பொடியைத் தூவித் தேய்த்ததும் வெண்புகை எழுந்தது. அவர் அதனை மராத்தியில் 'நவ்சாகர்' என்றார். அம்மையார் உடனே 'நவச்சாரம்' என்றார். தொடர்ந்து கலாய், துருத்தி, குறடு எனச் சொற்கள் வந்தன; வாசலில் குழி தோண்டி உலை மூட்டியதும், தம் தாயார் கூலியாக நெல் அளந்ததும் வந்தன. பின்னர் அவர் கூறியது இது: "அன்னிக்கு நெனச்சு நெனச்சுப் பாத்தேன், வரல தம்பி. இப்ப தானா ஞாபகம் வந்துடுச்சு."

2. இலக்கணம் காட்டும் வேறுபாடு

இக்கூற்றில் இருவகைத் தொடர்கள் உள்ளன. 'நான் நினைத்துப் பார்த்தேன்' என்பதில் நினைப்பவர் எழுவாயாக நின்று முயல்கிறார். 'எனக்கு நினைவு வந்தது' என்பதிலோ நினைவே எழுவாய். மனிதர் நான்காம் வேற்றுமை ஏற்று அனுபவிப்பவராக நிற்கிறார். மராத்தியிலும் 'மீ ஆட்டவூன் பாஹிலே' என்பது முயற்சியையும், 'மலா ஆட்டவ்லே' என்பது தானே நிகழ்தலையும் குறிக்கும். முயற்சியைக் காட்ட இருமொழிகளும் 'பார்' எனப் பொருள்படும் வினையையே துணையாகக் கொள்வது குறிப்பிடத்தக்கது. இந்தியிலும் 'முஜே யாத் ஆயா' என்னும் வழக்கு உண்டு. வேறுவேறு மொழிக்குடும்பங்களைச் சார்ந்த இந்திய மொழிகள் பல இவ்வமைப்பைப் பகிர்ந்துகொள்வதை 1976இல் வெளிவந்த மாசிகாவின் நூல் விளக்குகிறது.

மறதியிலும் இவ்வேறுபாடு உண்டு. 'நான் மறந்துவிட்டேன்' என்பதில் பொறுப்பேற்கும் தொனி உள்ளது. 'எனக்கு மறந்துவிட்டது' என்பதில் அது குறைவு.

3. உளவியல் விளக்கம்

நியாய நூலார் மனத்தில் எஞ்சும் பதிவைச் சம்ஸ்காரம் என்றும், அதனை எழுப்புவதை உத்போதகம் என்றும் வழங்கினர். ஒரு செய்தி பதிந்தபோது உடனிருந்த குறிப்பே அதனை மீட்கவும் சிறந்து உதவும் என்பது 1973இல் டல்விங், தாம்சன் ஆகியோர் முன்வைத்த கொள்கை. 1975இல் காடன், பேட்லி ஆகியோர் நடத்திய ஆய்வில், நீருக்கடியில் சொற்களைக் கற்ற மூழ்குநர்கள் கரையைவிட நீருக்கடியிலேயே அவற்றை நன்கு நினைவுகூர்ந்தனர். மொழியும் இத்தகைய குறிப்பாகும் என்பதை ரஷ்ய, ஆங்கில இருமொழியாளரிடம் மரியன், நைசர் ஆகியோர் நடத்திய ஆய்வு (2000) காட்டியது. மணத்திற்குத் தனியிடம் உண்டு. பிற புலனுணர்வுகள் தலாமஸ் வழியாகப் பெருமூளைப் புறணியை அடைய, மண உணர்வு உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப்பகுதிகளை நேராகவே எட்டுகிறது.

அம்மையாரின் நினைவை எழுப்பியது புகையா, 'நவ்சாகர்' என்னும் ஒலியா என இங்குப் பிரித்தறிய இயலாது. இரண்டும் சேர்ந்தே செயற்பட்டிருக்கலாம். ஆனால் வினாநிரலில் இவ்விரண்டுமே இல்லை என்பது உறுதி.

4. களப்பணிக்கு உரியது

தகவலாளி 'தெரியாது' என்றவுடன் அவ்வழக்கு அழிந்தது எனப் பதிவு செய்வது நம் வழக்கம். அம்முடிவு பல இடங்களில் தவறாக இருக்கலாம். 'இதன் பெயர் என்ன?' என்னும் வினா, தகவலாளியை நினைத்துப் பார்க்கவே தூண்டுகிறது. நினைவு வருவதற்குப் பொருளும் செயலும் வேண்டும். ஒரு நிகழ்ச்சி கொண்டு பொதுவிதி வகுத்தல் கூடாதெனினும், முறையை மாற்றிப் பார்க்க இது போதிய காரணமாகும்.

காலமும் குறைவு. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வேண்டியதில்லை. ஆகவே கலாய்க்காரர் தெருவில் வருவதும் அருகிவிட்டது. சொல் இன்னும் ஒருவர் மனத்தில் இருக்க, அதனை எழுப்பும் பொருள் முன்னதாகவே மறைந்துவிடுகிறது. எனவே சொல் தொகுப்போர் வினாநிரலோடு பழைய பாத்திரம் ஒன்றையும் எடுத்துச் செல்லுதல் நன்று. தகவலாளியைப் பட்டறைக்கே அழைத்துச் செல்லுதல் அதனினும் நன்று.