தர்மம் இல்லை பாஸ்... உரிமை!

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை பஸ்ஸில் போனால் வழியில் ஒரத்தநாடு. அங்கே மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரத்தைப் பார்த்திருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்?

சத்திரம்னா வழிப்போக்கருக்குச் சோறு போடற இடம்னுதானே நினைக்கிறீங்க? அதுக்கும் மேலே! தஞ்சைச் சத்திரங்களைப் பத்தி 1801-ல் பிரிட்டிஷ் ரெசிடென்டுக்கு சரபோஜி ஒரு கடிதம் எழுதினார். ஆதரவில்லாத பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் விட்டு சாப்பாடு, துணி, மருந்து எல்லாம் தருவதாக அதில் சொல்கிறார்.

நல்ல மனசுதான். ஆனா, அது ராஜா கொடுத்த தர்மம். கதவு யாருக்குத் திறக்கும்ங்கிறது கொடுக்கிறவர் கையில். ஒரு காலத்தில் ஒரத்தநாடு சத்திரத்து மாணவர் விடுதியில் பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். ஜில்லா போர்டு தலைவராக ஏ.டி.பன்னீர்செல்வம் வந்த பிறகுதான் மற்ற பிள்ளைகளுக்கும் கதவு திறந்தது.

உரிமை அப்படியில்லை. கேட்டு வாங்கலாம். தரலைன்னா கோர்ட்டுக்குப் போகலாம். ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1992-ல் இந்தியா சேர்ந்தது. 2002-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கினாங்க. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஸ்கூலுக்கு அனுப்பிட்டா போதுமா? 2004 ஜூலை 16... நம்ம கும்பகோணம். கூரையில் பிடித்த தீ 94 பிஞ்சுகளைக் கொண்டுபோச்சு. அத்தனை பேரும் ஒழுங்காக ஸ்கூலுக்குப் போன பிள்ளைகள்! அதையொட்டிப் போட்ட பொதுநல வழக்கில், கல்வி உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடக்கம் என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. தீயணைப்புக் கருவி, கட்டட விதிகள் எல்லாம் நாடு முழுக்கப் பள்ளிகளுக்குக் கட்டாயமாச்சு.

இன்னும் ஒரு ஓட்டை இருக்கு. போக்சோ, சிறார் நீதிச் சட்டங்களின்படி 18 வயசு வரைக்கும் குழந்தைதான். ஆனா, இலவசக் கட்டாயக் கல்வி 14 வயசோட நின்னுடுது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்திய பிறகும், 14 முதல் 18 வயசுக்காரர்களுக்கு ஆபத்தான வேலைகளில் மட்டும்தான் தடை. ஒன்பதாவதோட நின்னு மெக்கானிக் ஷெட்டுக்குப் போற பையனும், வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிற பதினாறு வயசுப் பொண்ணும் நழுவி விழறது இந்த இடைவெளியில்தான். பொண்ணுக்கு 18 முடியாம கல்யாணம் பண்றது சட்டப்படி குற்றம்னு உங்க தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்களுக்குத் தெரியுமே! செல்லில் 1098-ஐ சேவ் பண்ணிக்குங்க. குழந்தைகளுக்கான இலவச ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் பேசலாம். குழந்தையே பேசலாம், குழந்தைக்காக நீங்களும் பேசலாம்.

டீக்கடையில் கிளாஸ் கழுவுற பையனுக்கு, 'ஐயோ பாவம்'னு பத்து ரூபா கொடுத்தா அது தர்மம். அன்னிக்கே ஒரு போன் போட்டா, அவனுக்குச் சேர வேண்டியதை நீங்க வாங்கித் தர்றீங்க. செய்வீங்கதானே?